பெயர் ஒன்று, புள்ளி இரண்டு

2023 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. பிரிட்டனில் பொது விடுமுறை. கோடை விடுமுறை முடிந்து குடும்பம் குடும்பமாக ஊர் திரும்புகிற நாள். காலை 8.32-க்கு அந்நாட்டு வான் போக்குவரத்தைக் கவனிக்கும் நாட்ஸ் நிறுவனத்தின் கணினிக்கு ஒரு ஃப்ளைட் பிளான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பி, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்குப் போகிற விமானம் அது. பிரிட்டனில் இறங்கப் போவதில்லை, அதன் வானத்தை மட்டும் கடந்து போகும். அந்தப் பிளானைப் பிரித்துப் படிக்க முயன்ற கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. அது நின்றால் வேலையை ஏற்க இன்னொரு கணினி தயாராக இருந்தது. அதற்கும் அதே பிளான் போனது. அதுவும் நின்றது. இரண்டும் சாய எடுத்த நேரம் 20 வினாடிக்கும் குறைவு.

அதற்குப் பிறகு பிளான்களைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. கணினி மணிக்கு 800 பிளான்கள் வரை சமாளிக்கும். மனிதர்களால் மணிக்கு 60-தான் முடிந்தது. பத்திரமாகப் பறப்பதற்கு எத்தனை விமானங்களை அனுமதிக்க முடியுமோ அத்தனையைத்தான் அனுமதித்தார்கள். 1,500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். கைக்குழந்தையோடு விமான நிலையத் தரையில் இரவைக் கழித்தவர்களும், வேறு நாட்டில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. இழப்பு 10 கோடி பவுண்டு வரை இருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் மூன்று எழுத்துகள்: டி, வி, எல்.

பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் டோவில் என்று ஒரு ஊர். அங்கேயுள்ள வழிகாட்டி நிலையத்தின் குறியீடு டிவிஎல். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் டெவில்ஸ் லேக் என்று ஒரு ஊர். அங்கேயுள்ள நிலையத்தின் குறியீடும் டிவிஎல். இரண்டுக்கும் இடையே 6,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம், நடுவே அட்லான்டிக் பெருங்கடல். அந்த விமானத்தின் பாதையில் இரண்டுமே இருந்தன.

பிளானில் தவறு எதுவும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விமானி தவறு செய்யவில்லை, விமான நிறுவனமும் செய்யவில்லை. நாட்ஸின் கணினிக்கு ஒரே ஒரு வேலைதான்: விமானம் பிரிட்டன் வானத்தில் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று கண்டுபிடித்து, நடுவிலுள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கன்ட்ரோலர்களுக்குக் கொடுப்பது. நுழையும் இடம் கிடைத்தது. வெளியேறும் புள்ளி விமான நிறுவனம் கொடுத்த மூலப் பிளானில் பெயரோடு இல்லை. சரி, அதற்கு அடுத்த புள்ளியைப் பார்ப்போம் என்று தேடியது. டிவிஎல் என்ற பெயர் அகப்பட்டது. ஆனால் அகப்பட்டது டோவில் அல்ல, டெவில்ஸ் லேக். விமானம் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முன்பே பிரிட்டனை விட்டு வெளியேறிவிட்டது என்று கணக்கு வந்தது. அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று மென்பொருளில் யாரும் எழுதி வைக்கவில்லை. தப்பான தகவலைக் கன்ட்ரோலருக்குக் கொடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்பதுதான் அதற்குப் போட்டிருந்த கட்டளை. அதன்படி நின்றது. 2018 முதல் ஒன்றரைக் கோடி பிளான்களைப் படித்த அமைப்பு அது. ஒரு முறைகூட இப்படியொரு பிளான் அதன் முன் வந்ததில்லை.

அன்று பணியிலிருந்த மூத்த பொறியாளர் வீட்டிலிருந்தபடி சரிசெய்யப் பார்த்தார். முடியவில்லை. நேரில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மென்பொருளைச் செய்துகொடுத்த ஆஸ்திரிய நிறுவனத்துக்குத் தகவல் போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவர்களை அழைத்தபின் சிக்கல் எங்கே என்பது சீக்கிரமே பிடிபட்டது. பிற்பகல் 2.27-க்குக் கணினி திரும்ப வேலை செய்ய ஆரம்பித்தது. கட்டுப்பாடுகளை நீக்கும்போது மாலை 6 மணி தாண்டிவிட்டது.

வானத்தில் ஊர்ப்பெயர்கள்

வானத்தில் சாலை கிடையாது. மேகத்துக்குள்ளும் இரவிலும் ஜன்னல் வழியே பார்த்துப் பறக்க முடியாது. காக்பிட்டில் உள்ள கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கிற விமானத்துக்கு, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி, அங்கிருந்து அதற்கடுத்த புள்ளி என்று கோர்த்துக் கொடுத்தால்தான் வழி. இந்தப் புள்ளிகளுக்குப் பெயர் வே-பாயின்ட். தரையில் ரேடியோ நிலையம் இருந்தால் அதன் குறியீட்டையே புள்ளிக்கும் வைத்துவிடுவார்கள். பெரிய நிலையங்களுக்கு மூன்று எழுத்து, சிறிய நிலையங்களுக்குச் சில இடங்களில் ஓர் எழுத்தே உண்டு. தரையில் எதுவுமே இல்லாத, கடலுக்கு நடுவே வெறும் அட்சரேகையும் தீர்க்கரேகையுமாக இருக்கிற புள்ளிகளுக்கு ஐந்தெழுத்துப் பெயர். ரேடியோவில் ஒரே சொல்லாக உச்சரிக்க வர வேண்டும், வேறொன்றோடு குழம்பக்கூடாது என்பது விதி.

ஐந்தெழுத்துப் பெயர்கள் உலகம் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் நிலைப்பாடு. எந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று நாடுகள் பார்த்து எடுத்துக்கொள்ள ஐகார்டு என்ற பொதுப் பதிவேட்டையும் அது நடத்துகிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை ஐந்து ஐந்தாக அடுக்கினால் 1 கோடியே 18 லட்சம் பெயர் வரும். அதில் வாயில் நுழைவது கொஞ்சம்தான். மூன்றெழுத்துக்குக் கணக்கு இன்னும் குறுகும்: மொத்தமே 17,576. உலகத்துக்கு அது போதாது. அதனால்தான், ஒரு நிலையத்தின் குறியீட்டை 1,100 கிலோமீட்டர் தூரத்துக்குள் இன்னொன்றுக்கு வைக்காதே என்று மட்டும் விதி போட்டார்கள். அதற்கு அப்பால் வைக்கலாம். 1940-களிலும் 50-களிலும் இது நியாயமான ஏற்பாடு. ரேடியோ அலை எட்டும் தூரத்துக்குள் ஒரு டிவிஎல்தான் இருக்கும் என்றால் குழப்பம் வர வழியில்லை. தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள் இருந்தாலும், பக்கத்து ஊர்க்காரர் புதூர் என்று சொன்னால் எந்தப் புதூர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி.

உலகம் முழுவதன் புள்ளிகளும் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கதை மாறியது. அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃப்ளைட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். விமானிகள் நடுவே கையடக்கமான சின்னத் திரை, அதன் கீழே விசைகள். எழுத்துகள் டைப்ரைட்டர் வரிசையில் இருக்காது, ஏ, பி, சி என்று அகர வரிசையில் இருக்கும். பெயரைத் தட்டினால் திரையின் அடிவரியில் வந்து நிற்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அது பாதைக்குள் ஏறும். அதே பெயரில் பல புள்ளிகள் இருந்தால், எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் விரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதே முதலில் வரும். போயிங் விமானங்களில் புதுப்பாதை முதலில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். எக்ஸிக்யூட் என்ற பொத்தானை அழுத்தினால் அழுத்தமான இளஞ்சிவப்புக் கோடாக மாறும், விமானம் அதன் பின்னால் திரும்பும். இருவரும் அந்தக் கோட்டைச் சரிபார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்பது நடைமுறை.

ஓர் எழுத்து

1995 டிசம்பர் 20. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள். அமெரிக்காவின் மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965-ஆம் எண் விமானம், போயிங் 757, கிளம்பியது. சுமார் இரண்டு மணி நேரத் தாமதம். 155 பயணிகள், 8 ஊழியர்கள்.

காலி நகரம் வடக்குத் தெற்காக நீண்ட ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரு புறமும் ஆண்டீஸ் மலைகள், சில இடங்களில் 14,000 அடி வரை. வழிகாட்ட ரேடார் இல்லை. 1992-இல் கெரில்லாக்கள் அதைத் தகர்த்திருந்தார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்று விமானிகள் சொன்னால்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும். நகரைத் தாண்டிப் போய்த் திரும்பி இறங்குவதாகத்தான் முதலில் திட்டம். காற்று அமைதியாக இருந்ததால், வடக்கிலிருந்து நேராகவே இறங்கலாமா என்று கன்ட்ரோலர் கேட்டார். தாமதத்தில் இருந்த விமானிகள் சரி என்றார்கள். அந்த ஒரு சொல்லோடு அவர்கள் கையிலிருந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. உயரத்தைச் சீக்கிரம் குறைக்க வேண்டும், புது வரைபடத்தை எடுத்துப் படிக்க வேண்டும், பெட்டியில் புதுப்பாதையை ஏற்ற வேண்டும். காலிக்கு நேராக என்று ஏற்கெனவே தட்டியிருந்ததால், இடையிலிருந்த துலுவா என்ற புள்ளி திரையிலிருந்து அழிந்துபோயிருந்தது. அந்தத் துலுவாவைக் கடந்துதான் மலைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது அது பின்னால் போய்விட்டது.

ஓடுபாதைக்கு அருகிலுள்ள அடுத்த புள்ளி ரோஸோ. வரைபடத்தில் அதன் குறியீடு ஆர் என்று ஒற்றை எழுத்து. விமானிகளில் ஒருவர் ஆர் என்று தட்டினார். பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து எக்ஸிக்யூட் அழுத்தினார்.

அது ரோஸோ இல்லை. தலைநகர் பொகோட்டாவுக்குப் பக்கத்திலுள்ள ரோமியோ என்ற நிலையம். காலியிலிருந்து கிழக்கு வடகிழக்கில் 130 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. அதன் குறியீடும் ஆர், அலைவரிசையும் ரோஸோவுடையதே. ஒரே நாட்டுக்குள், ஐகாவோ சொன்ன தூரத்தில் கால்வாசிகூட இல்லாத இடைவெளியில், இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்திருந்தார்கள். பெட்டிக்கான டேட்டாபேஸ் தயாரிக்கும்போது ஒரு நாட்டுக்குள் ஒரே குறியீட்டை இரண்டு நிலையங்களுக்கு ஏற்ற வழியில்லை என்பதால், பெரிய நகரத்து நிலையமான ரோமியோவுக்கு ஆர் எழுத்தை விட்டுவிட்டு, ரோஸோவை அதன் முழுப் பெயரில் நான்கெழுத்தாக ஏற்றியிருந்தார்கள். அந்த விமானி தட்டியபோது வந்த பட்டியலில் ரோஸோ இல்லவே இல்லை. எவ்வளவு கவனமாகத் தேடியிருந்தாலும் அதில் கிடைத்திருக்காது. வரைபடத்தில் இருப்பதைத்தான் பெட்டியில் தட்ட வேண்டும் என்று எந்த விமானியும் நினைப்பார். இந்த இடத்தில் மட்டும் அப்படியல்ல என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியும், பறந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இருட்டில் விமானம் இடப்பக்கமாக, மலையை நோக்கித் திரும்பியது. விமானிகள் அதைக் கவனிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. கவனித்ததும் வலப்பக்கம் திருப்பினார்கள். ஆனால் அதற்குள் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்தாயிற்று, இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் கேட்ட கோரிக்கைகள் பொருந்தவில்லை என்று கன்ட்ரோலருக்குத் தோன்றியிருக்கிறது. அதை விளக்கிக் கேட்கும் அளவுக்குத் தனக்கு ஆங்கிலம் வராததால் கேட்கவில்லை என்று பிறகு விசாரணையில் சொன்னார். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தபோது மிச்சமிருந்தது பன்னிரண்டு வினாடி அளவுதான். முழு விசையோடு மேலே ஏற்றினார்கள். வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் விரித்திருந்த ஸ்பீடு பிரேக்குகளை மடக்க மறந்திருந்தார்கள். எல் திலூவியோ மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 8,900 அடி உயரத்தில் விமானம் மோதியது. 159 பேர் இறந்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள்.

கொலம்பிய விசாரணை அறிக்கை விமானிகளைத்தான் முதலில் குற்றம் சொன்னது. இருக்கும் இடம் தெரியாமல் தொடர்ந்து இறங்கியது அவர்கள் பிழை, மறுப்பதற்கில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் மயாமி நீதிமன்றத்து நடுவர் குழு பொறுப்பைப் பங்கு பிரித்தபோது, விமான நிறுவனத்துக்கு 75 சதவீதமும், டேட்டாபேஸ் தயாரித்த ஜெப்பசனுக்கு 17 சதவீதமும், பெட்டியைச் செய்த ஹனிவெல்லுக்கு 8 சதவீதமும் என்று தீர்மானித்தது. இடிபாடுகளில் கிடைத்த பெட்டியின் நினைவகத்தைப் படித்தபோதுதான் அந்த ஆர் எழுத்தே வெளியே வந்தது. அது எரிந்துபோயிருந்தால் விமானிகள் ஏன் அப்படித் திரும்பினார்கள் என்பது இன்றுவரை புதிராகவே இருந்திருக்கும்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒரு வியாழன்

ஜெப்பசன் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் உண்டு. எல்ரி ஜெப்பசன், 1930-களில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டியவர். அப்போது விமானிகளுக்கு என்று செய்த வரைபடங்கள் அபூர்வம். பத்து சென்ட்டுக்கு வாங்கிய கறுப்பு நோட்டில் ஓடுபாதையின் நீளம், குறுக்கே வரும் மலை, தண்ணீர்த் தொட்டி, வானிலை கேட்கத் தோதான விவசாயியின் தொலைபேசி எண் என்று தானே பார்த்து எழுதி வைத்தார். சக விமானிகள் பிரதி கேட்டார்கள். பத்து டாலருக்கு விற்றார். அப்படி வளர்ந்ததுதான் உலகின் மிகப் பெரிய விமான வரைபட நிறுவனங்களில் ஒன்று. பார்த்தவரும் எழுதியவரும் பறந்தவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

இன்று அந்தக் கைகள் பல. ஒவ்வொரு நாட்டு அரசும் தன் வானத்தின் விவரங்களை அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. இந்தியாவில் அதை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் செய்கிறது. ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸ், ஏர்பஸ்ஸின் நாவ்ப்ளூ போன்ற நிறுவனங்கள் அவற்றைத் திரட்டி ஆரிங்க் 424 என்ற பொது வடிவத்துக்கு மாற்றுகின்றன. பெட்டியைச் செய்த நிறுவனம் தன் இயந்திரத்துக்கு ஏற்றபடி அதைத் திரும்பக் கட்டுகிறது. விமான நிறுவனத்தின் பராமரிப்பு ஊழியர் அதை விமானத்தில் ஏற்றுகிறார். இதெல்லாம் 28 நாளுக்கு ஒரு முறை, உலகம் முழுக்க ஒரே வியாழக்கிழமையில் அமலுக்கு வரும். 1960-களில் ஐகாவோ கொண்டுவந்த ஏற்பாடு இது. விமானத்தின் பெட்டியில் நடப்புப் பதிப்பும் அடுத்ததும் சேர்ந்தே இருக்கும். சரியான தேதியில் சரியானதற்கு மாற்றுவது விமானியின் பொறுப்பு.

விமானி பார்க்கிற வரைபடம் தனியாக, இன்னொரு பாதையில் வந்து சேர்கிறது. ஆக, ஒரே ஓடுபாதைக்கு அரசு வெளியிட்டது ஒன்று, டேப்லெட்டில் இருக்கிற வரைபடம் ஒன்று, பெட்டிக்குள் இருக்கிற எண்கள் ஒன்று என்று மூன்று உருவங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை.

ஏன் என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. அரசு வெளியிடும் நடைமுறையை ஒரு மனிதர் வாக்கியமாக எழுதுகிறார்: இந்த உயரம் வரை நேராக ஏறு, பிறகு இடப்பக்கம் திரும்பு, இந்தக் கோட்டைப் பிடி. ஆரிங்க் 424-இல் பாதைத் துண்டுகளுக்கு 23 வகை மட்டுமே உண்டு. வாக்கியத்தை அந்த 23-இல் ஏதோ ஒன்றில் அடக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக அடக்கலாம். இரண்டும் விதிப்படி சரியாகவே இருக்கும், விமானம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரித் திரும்பும். அப்புறம் பூமியின் காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் டாம்பா விமான நிலையத்தில் 2011 ஜனவரியில் ஓடுபாதை எண்களையே அழித்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. வரைபடத்தைத் திருத்திய ஆண்டு ஒன்று, பெட்டிக்குள் உள்ள காந்த அட்டவணையின் ஆண்டு வேறு என்றால், வரைபடத்தில் ஒரு திசையும் திரையில் ஒரு திசையும் காட்டும். வேறுபாடு கண்ணில் பட்டால் வெளியிடப்பட்ட வரைபடத்தையே நம்ப வேண்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் பாடம். கண்ணில் பட வேண்டும் என்பதுதான் அதில் உள்ள நிபந்தனை.

எண்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது கெட்டுவிடாமல் இருக்கக் கடுமையான காவல் உண்டு. ஓடுபாதை தொடங்கும் இடம் போன்ற உயிர்நாடித் தகவலில் பிழை நுழைய 10 கோடியில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐகாவோ வரையறுத்தது. ஓர் இலக்கம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கணித முத்திரையைக் கோப்புகளில் சேர்க்கிறார்கள். ஆனால் முதலில் தட்டியவரே தப்பாகத் தட்டியிருந்தால், அந்தத் தப்பை அப்படியே பத்திரமாகக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இந்த முத்திரை உதவும்.

திருத்தியதைச் சொல்லவில்லை

அப்படித்தான் நடந்தது நியூசிலாந்தில்.

1970-களின் இறுதியில் ஏர் நியூசிலாந்து, ஆக்லாந்திலிருந்து அண்டார்டிகா வரை போய் இறங்காமலே திரும்புகிற சுற்றுலாப் பயணங்களை நடத்தியது. தெற்கு எல்லையில் மக்மர்டோ என்ற ஆய்வு நிலையம்தான் கடைசிப் புள்ளி. 1978-இல் பாதையைக் கணினியில் ஏற்றும்போது அதன் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடத்துக்குப் பதிலாக 164 டிகிரி 48 நிமிடம் என்று பதிவானது. ஓர் இலக்கப் பிழை. ஆறு என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. விளைவு, பாதை மேற்கே தள்ளிப்போய் மக்மர்டோ ஜலசந்தியின் பனிமூடிய சமவெளி மேலே விழுந்தது. மலை இல்லாத, அகலமான, பார்க்க அழகான வழி. ஓராண்டுக்கு மேல் பிழை அப்படியே இருந்தது. விமானிகளுக்கு விளக்கம் கொடுக்கும்போதும் ஜலசந்தி வழியைத்தான் காட்டினார்கள்.

1979 நவம்பரில் ஒரு விமானி வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னார். வழிகாட்டுப் பிரிவு எண்ணைத் திருத்தியது. திருத்தம் மிகச் சிறியது, இரண்டு மைல் அளவுதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் புள்ளி 27 மைல் கிழக்கே நகர்ந்தது. திருத்தம் நடந்தது நவம்பர் 28 விடியற்காலையில். சில மணி நேரத்தில் 257 பேரோடு டிசி-10 விமானம் கிளம்பியது. கேப்டன் ஜிம் காலின்ஸ் முந்தின இரவு வீட்டில் அட்லஸை விரித்து, தனக்கு விளக்கக் கூட்டத்தில் கொடுத்த எண்களை வைத்துப் பாதையைக் குறித்துப் பார்த்திருந்தார். காலையில் கையில் கொடுத்த தாளில் எண் மாறியிருக்கிறது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ஊழியர்கள் அந்தத் தாளில் இருந்ததை அப்படியே விமானத்தின் கணினியில் தட்டினார்கள்.

புதிய கோட்டில் நேரே நின்றது எரெபஸ், 3,794 மீட்டர் உயரமுள்ள எரிமலை. மேகம் வெளிச்சத்தைச் சிதறடிக்க, வெண்பனிச் சரிவும் வெள்ளை வானமும் ஒன்றாகி, மலை இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. தாங்கள் ஜலசந்தி மேல் இருக்கிறோம் என்று நம்பியவர்கள் சுமார் 1,500 அடிக்கு இறங்கினார்கள். எச்சரிக்கை ஒலித்து ஆறு வினாடியில் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை.

முதல் விசாரணை கேப்டனைக் குற்றம் சொன்னது. நீதிபதி பீட்டர் மஹோன் தலைமையிலான ஆணையம் 1981-இல் அதை ஏற்கவில்லை. பாதையை மாற்றிவிட்டுப் பறப்பவர்களுக்குச் சொல்லாததே விபத்தின் காரணம் என்றது. நிறுவனத்தினர் கூட்டாகச் சதி செய்து மறைத்தார்கள் என்ற அவருடைய கருத்தை மேல்முறையீட்டு மன்றங்கள் நிராகரித்தன. ஆனால் விபத்தின் காரணம் பற்றிய முடிவு நின்றது. 2019 நவம்பர் 28 அன்று, நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

எரெபஸையும் காலியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டிலுமே சரியான தகவல் யாரோ ஒருவர் மேஜையில் இருந்தது. எரெபஸில் தப்பான எண் ஓராண்டுக்கு மேல் யாரையும் கொல்லவில்லை, சொல்லாமல் சரிசெய்ததே கொன்றது. அப்படியிருந்தும் இரண்டு முறையும் விரல் முதலில் நீண்டது இறந்துபோன விமானியை நோக்கித்தான். திருப்பிப் பேச அவர் இல்லை.

விமானி கையால் எண்ணைத் தட்டும்போதும் தவறு வருவதுண்டு. 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய ஏர் ஏஷியா எக்ஸ் விமானத்தில், நின்றிருக்கும் இடத்தின் தீர்க்கரேகையை 151 டிகிரி 9.8 நிமிடம் என்று தட்ட வேண்டிய இடத்தில் 15 டிகிரி 19.8 நிமிடம் என்று தட்டிவிட்டார்கள். தான் 11,000 கிலோமீட்டர் தள்ளி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கம் இருப்பதாக விமானத்தின் கணினி நம்பியது. பெட்டி எச்சரித்தது, கவனிக்காமல் போனது. மேலெழும்பியதும் விமானம் தவறான பக்கம், பக்கத்து ஓடுபாதையின் வழியைக் குறுக்கிட்டுத் திரும்பியது. கருவிகள் ஒவ்வொன்றாகக் குழம்பின. சிட்னியில் மேகம் இறங்கியிருந்ததால் திரும்பவும் முடியவில்லை. கடைசியில் வானம் தெளிவாக இருந்த மெல்பர்னில், கண்ணால் பார்த்தே இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

பெயரும் எண்ணும் சரியாக இருந்தாலும் போதாது, எந்தப் பூமியில் அளந்த எண் என்பதும் முக்கியம். இதற்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியோடு பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். அங்கிருந்து கிளம்பிய முக்கோணங்கள்தான் பிறகு இமயம் வரை போயின. அந்த அளவைகளை வைத்து, லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமியின் உருவத்தைத்தான் இந்திய வரைபடங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பின்பற்றின. அது இந்திய நிலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி செய்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் நிலத்துக்குப் பொருந்தும்படி வேறு வேறு உருவங்களை வைத்துக்கொண்டன.

செயற்கைக்கோள்கள் வந்தபோது அவை பூமி முழுவதுக்குமாக ஒரே உருவத்தைப் பயன்படுத்தின. அதன்படி பார்த்தால் ஒவ்வொரு நாட்டின் பழைய எண்ணும் நூறு மீட்டர் கணக்கில் விலகி நின்றது. லண்டன் கிரீன்விச்சில் சுற்றுலாப் பயணிகள் காலைப் பரப்பி நின்று படம் எடுத்துக்கொள்ளும் தீர்க்கரேகைக் கோட்டில் ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டாது. 102 மீட்டர் கிழக்கே நடந்தால்தான் காட்டும். நடந்து போகிறவருக்கு அது வேடிக்கை. 45 மீட்டர் அகல ஓடுபாதையைத் தேடி மேகத்துக்குள் இறங்குகிற விமானத்துக்கு அப்படியல்ல. 1998 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே உருவத்தில்தான் எண்களை வெளியிட வேண்டும் என்று ஐகாவோ உத்தரவிட்டது. உலகின் ஒவ்வொரு ஓடுபாதை முனையையும் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. லாம்டனின் சங்கிலி கிடந்த பரங்கிமலையின் நிழலிலேயே இருக்கும் மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் அதே உத்தரவுதான்.

காலி விபத்துக்குப் பிறகு வந்த பெரிய மாற்றம், முன்னாலிருக்கும் மலையை முன்கூட்டியே திரையில் காட்டும் எச்சரிக்கைக் கருவி. டான் பேட்மன் என்ற பொறியாளரின் பல்லாண்டு உழைப்பு அது. உலகத்து மலைகளின் உயரம் முழுக்க அதற்குள் இருக்க வேண்டும். சோவியத் யூனியன் கலைந்தபோது அதன் ராணுவ நில வரைபடங்களை வாங்கிச் சேர்த்துத்தான் அந்தத் தொகுப்பை நிரப்பினார். இந்தக் கருவி கட்டாயமான பிறகு, நல்ல நிலையிலுள்ள பயணிகள் விமானம் மலையில் மோதுவது அரிதாகிவிட்டது. ஆனால் அதுவும் ஒரு டேட்டாபேஸ்தான், அதையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கும் வேலைதான் மெதுவாக நடக்கிறது. ஒரு நிலையத்தின் பெயரை மாற்றினால் வரைபடம், டேட்டாபேஸ், கன்ட்ரோலரின் கணினி, பக்கத்து நாட்டோடு செய்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே வியாழக்கிழமையில் மாற்ற வேண்டும். செலவுக்குப் பயந்து நாடுகள் தள்ளிப்போடுகின்றன. பெயர் இரட்டிப்பால் ஆபத்து வரும் என்று 1995-இல் 159 உயிர்கள் போய்த் தெரிந்தது. 2023-இல் ஒரு நாட்டு வானமே ஸ்தம்பித்தபோதும் டிவிஎல் இரண்டு இருந்தது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளி எந்தக் கணக்கிலும் அதிகம்.

பெயர்க் குழப்பம் தீரும்வரை பாதுகாப்பு, கேட்டில் நிற்கும் விமானத்தின் காக்பிட்டில் நடக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. ஒருவர் வரைபடத்திலிருந்து புள்ளியின் பெயர், திசை, தூரம் என்று வாசிக்க, மற்றவர் பெட்டியின் திரையில் அதே வரியைத் தேடி ஒத்துப் பார்க்கிறார். ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு வந்தால் நிறுத்தி ஏன் என்று யோசிக்கிறார்கள். பயணிகளை இறக்கி ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்குகிற சிக்கன விமான நிறுவனங்களில், எரிபொருள் கணக்கும் கதவு மூடும் அவசரமும் சேர்ந்து முதலில் கை வைப்பது இந்தச் சில நிமிடங்களில்தான். பயண அட்டவணை போடுகிறவர்கள் அந்த நிமிடங்களைத் தனியாகக் கணக்கில் எழுதி ஒதுக்க வேண்டும். டேட்டாபேஸ் மாறும் ஒவ்வொரு வியாழக்கிழமையும், தன் நிறுவனம் பறக்கிற விமான நிலையங்களில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி விமானியின் கையில் கொடுக்க வேண்டும். 1979 நவம்பர் 28 காலையில் ஆக்லாந்தில் அப்படி ஒரு பக்கம் கேப்டன் காலின்ஸின் கைக்குப் போயிருந்தால், அதில் இருந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்.